எட்டு மூலை ஊர் நெஃப்-பிரிசாக்: ஆத்துக்கு அந்தப் பக்கம் போன ஊருக்குப் பதிலா கட்டின ஊர் (விவாத இழை)

கொல்மார்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பிரான்ஸ்ல அல்சாஸ் பகுதியில கொல்மார் பக்கம் ஏழு வருஷமா குடியிருக்கேன். இங்கிருந்து கிழக்கால ஒரு பதினஞ்சு கிலோமீட்டர் போனா நெஃப்-பிரிசாக்னு ஒரு குட்டி ஊர், ஜனத்தொகை ரெண்டாயிரம் சொச்சம்தான், அதைத் தாண்டி கொஞ்ச தூரத்துல ரைன் ஆறு, ஆத்தைத் தாண்டினா ஜெர்மனி. முதல் தடவை போனப்போ எனக்கு ஒண்ணுமே தெரியல. பஸ்ல இறங்கினா புல்லு மூடின மண்மேடு, நடுவுல ஒரு பெரிய கல் வாசல், அவ்ளோதான். உள்ள போனா தெருவெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா போகுது, நடுவுல பெரிய சதுர மைதானம், அதோட நாலு மூலையிலயும் கிணறு. எந்தத் தெருவுல நின்னு பாத்தாலும் கடைசியில மதில்தான் தெரியுது. வீட்டுக்கு வந்து மேலிருந்து எடுத்த போட்டோவைப் பாத்தப்பதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஊரே ஒரு எட்டு மூலை நட்சத்திரம்! மார்கழி மாசத்துல வாசல்ல புள்ளி வெச்சுப் போடுற கோலம் மாதிரி, உள்ளுக்குள்ள 48 கட்டம், வெளிய சுத்தி முக்கோணம் முக்கோணமா அரண்.

கட்டினவர் வோபான், பதினாலாம் லூயியோட கோட்டைப் பொறியாளர். 1698ல திட்டம் போட்டாங்க. அவர் 1707ல செத்துப் போனாரு, அவரோட கடைசிப் பெரிய வேலை இதுதான். 2008ல யுனெஸ்கோ வோபானோட 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தப்போ இதுவும் அதுல ஒண்ணு. பழைய பிரிசாக் போர்ல அழிஞ்சு போனதால புதுசா இதைக் கட்டினாங்கன்னு நினைக்கிறேன், நெஃப்னா புதுசுனுதான அர்த்தம். இந்த ஊரைப் பத்தி தமிழ்ல யாரும் எழுதிப் பாத்ததில்ல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புதுவை_செல்வன்:
நல்ல இழை. ஒரு திருத்தம் மட்டும். பழைய பிரிசாக் அழியல, இன்னிக்கும் ஆத்துக்கு அந்தப் பக்கம் குன்று மேல உக்காந்திருக்கு, ஜெர்மன்காரங்க பிரைசாக்னு சொல்றாங்க. கதை என்னன்னா, 1638ல அந்த ஊரு பெரிய முற்றுகையில விழுந்துச்சு, 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில பிரான்ஸ் கைக்குப் போச்சு. அம்பது வருஷம் பிரான்ஸ்தான் வெச்சிருந்துச்சு. ரைன் ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் கால் ஊன்றதுக்கு அது பாலம் மாதிரி. அல்சாஸோட உயர் நீதிமன்றமே அங்கதான் இருந்துச்சு. அப்புறம் 1697ல ரிஸ்விக் உடன்படிக்கை. ஸ்ட்ராஸ்பூர்க்கை பிரான்ஸ் வெச்சுக்கலாம், ஆனா வலது கரையில இருக்குற பிரைசாக், ஃப்ரைபூர்க் எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும்னு முடிவாச்சு. எல்லைக்கோடு ரைன்ல வந்து நின்னுடுச்சு. கையில இருந்த பூட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு, அதான் இந்தப் பக்கம் புதுப் பூட்டு.

இப்ப நான் ஏன் இந்த இழைக்குள்ள குதிச்சேன்னு சொல்றேன். அதே ரிஸ்விக் உடன்படிக்கைதான் எங்க பாண்டிச்சேரியையும் பிரான்ஸுக்குத் திருப்பிக் குடுத்துச்சு! டச்சுக்காரங்க 1693ல பாண்டிச்சேரியைப் பிடிச்சாங்க, 1697ல காகிதத்துல திரும்புச்சு, 1699ல நிஜமா கைமாறுச்சு. டச்சுக்காரங்களோட செப்டம்பர்ல கையெழுத்து, ஜெர்மன் பேரரசரோட அக்டோபர்ல கையெழுத்து, ரெண்டும் ஒரே பேச்சுவார்த்தைதான். ஒரே மேஜையில ரைன் கரையில ஒரு ஊரை விட்டாங்க, வங்கக் கடலோரத்துல ஒரு ஊரை வாங்கினாங்க. இது எனக்குத் தெரிய வந்த அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

மண்வெட்டி:
செல்வன் அண்ணே, அந்த பாண்டிச்சேரி விஷயத்தை விடாதீங்க, இன்னும் சொல்லுங்க. திரும்பி வந்த அப்புறம் அங்கயும் கோட்டை கட்டினாங்கதானே?

புதுவை_செல்வன்:
ஆமா. பிரான்சுவா மர்த்தேன் கவர்னரா இருந்தப்போ 1702ல ஆரம்பிச்சு 1706ல முடிச்சாங்க, பேரு ஃபோர்ட் லூயி, அஞ்சு மூலைக் கோட்டை. மாதிரியா எடுத்துக்கிட்டது துர்னே நகரத்துக் கோட்டையை, அதுவும் வோபான் வழி வந்தது. அதே சமயத்துலதான் நெஃப்-பிரிசாக்லயும் மதில் எழும்பிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு இடத்துலயும் லூயி பேரு, இங்க கோட்டைக்கு, அங்க மைதானத்தோரம் நிக்கிற சர்ச்சுக்கு. ஆனா எங்க கோட்டையை 1761ல இங்கிலீஷ்காரன் இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டான். இப்ப பாரதி பூங்கா இருக்குற இடம்தான் அது. சின்ன வயசுல அங்கதான் சறுக்குமரம் விளையாடுவோம், காலுக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு யாரும் சொல்லல. அதனாலதான் நெஃப்-பிரிசாக் முழுசா நிக்கிறதைப் படத்துல பாக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆயிடுது, எங்களுது நின்னிருந்தா இப்படித்தான் இருந்திருக்கும்னு.

கொல்மார்வாசி:
திருத்தத்துக்கு ரொம்ப நன்றி செல்வன். நான் தப்பா நினைச்சிருக்கேன். நீங்க சொன்ன அந்த நீதிமன்றம் 1698ல கொல்மாருக்கு மாறுச்சு, இன்னிக்கு வரைக்கும் அல்சாஸோட மேல்முறையீட்டு நீதிமன்றம் கொல்மார்லதான் இருக்கு. நான் தினம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறேன். அது ஏன் ஸ்ட்ராஸ்பூர்க் மாதிரி பெரிய ஊர்ல இல்லாம இங்க இருக்குன்னு யோசிச்சிருக்கேன், இப்ப விடை கிடைச்சிடுச்சு.

நிலா_82:
எனக்கு ஒரு சந்தேகம், சின்னப்புள்ளத்தனமா இருந்தா மன்னிக்கணும். எதுக்கு எட்டு மூலை? வட்டமா கட்டினா ஆகாதா? நம்ம ஊரு கோட்டையெல்லாம் மலை மேலதான இருக்கும், செஞ்சி மாதிரி.

மண்வெட்டி:
நல்ல கேள்வி, இதுக்கு நான் வரேன், சிவில்ல இருக்குறவன். மலை இருந்தா மலை சொல்ற மாதிரி கட்டணும், வளைச்சு நெளிச்சு. இங்க ரைன் சமவெளி, தட்டு மாதிரி இருக்கும், மேடு பள்ளம் கிடையாது, அதனால காகிதத்துல வரைஞ்சதை அப்படியே தரையில இறக்க முடிஞ்சுது. வோபான் வாழ்நாள்ல எத்தனையோ கோட்டையைத் திருத்தினாரு, பழசு மேல ஒட்டுப்போட்ட வேலைதான் நிறைய. வெறும் தரையில ஒரு ஊரையே முழுசா போட்டது கொஞ்சம்தான்.

வட்ட மதில்ல என்ன பிரச்சனைன்னா, மதிலோட அடிவாரத்துல எதிரி வந்து ஒட்டிக்கிட்டான்னா மேல நிக்கிறவனுக்கு அவன் தெரிய மாட்டான். அதனால மதிலை மூலை மூலையா வெளிய நீட்டுவாங்க. ஒரு மூலையில நிக்கிற பீரங்கி பக்கத்து மூலையோட அடிவாரத்தைப் பாத்துக்கும், அது இதைப் பாத்துக்கும். எந்த இடமும் கண்ணுக்கு மறையாது. அதான் நட்சத்திர வடிவம்.

இப்ப நெஃப்-பிரிசாக் ஸ்பெஷல் எங்கன்னா, வோபானோட கோட்டை முறையை மூணு வகையா பிரிப்பாங்க. ரெண்டாவது வகை பெல்ஃபோர், லாண்டௌ, பெசான்சோன்ல இருக்கு. மூணாவது வகை உலகத்துலயே இந்த ஒரே ஊர்லதான். அதுல மதில் ரெண்டு அடுக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா நிக்கும். உள் மதில் ஊரைச் சுத்தி, எட்டு மூலைக்கும் எட்டு சின்ன கோபுர அரண், அதுக்குள்ள பீரங்கி வெக்க அறை. அதுக்கு வெளிய பள்ளத்தைத் தாண்டி பெரிய மூலை அரண்கள் தனியா நிக்கும். சண்டையெல்லாம் வெளி அடுக்குல. எதிரி அதைப் பிடிச்சாலும் ஊருக்குள்ள வந்தவன் ஆக மாட்டான், முன்னாடி இன்னொரு மதில் முழுசா நிக்கும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு அரண் விழுந்தா எல்லாம் விழுந்துச்சுங்கிற பழைய பலவீனத்தை இந்தப் பிரிப்புதான் சரி பண்ணுச்சு. பள்ளம்னு சொன்னேன்ல, தண்ணி அகழி இல்ல, காஞ்ச அகழி.

இன்னொண்ணு, கொல்மார்வாசி புல்லு மேடு மட்டும்தான் தெரிஞ்சுதுன்னு எழுதியிருந்தாரே, அது வேணும்னே அப்படி. பீரங்கிக் குண்டு கல்லுல பட்டா கல்லு சிதறி ஆளைக் கொல்லும், மண்ணுல பட்டா புதைஞ்சிடும். அதனால உயரமா காட்டிக்காம, முன்னாடி மண்சரிவு போட்டு மதிலை அதுக்குப் பின்னாடி அமுக்கி வெச்சிருக்காங்க. கிட்ட போற வரைக்கும் கல்லு கண்ணுல படாது.

கொல்மார்வாசி:
மண்வெட்டி சொன்னது அப்படியே உண்மை. போன அக்டோபர்ல நானும் பையனும் அகழிக்குள்ளயே இறங்கி சுத்தி நடந்தோம், ஏறக்குறைய ரெண்டரை கிலோமீட்டர் வரும். ரெண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேல வானம் மட்டும் ஒரு பட்டையா தெரியும். ஊர்ச் சத்தம் ஒண்ணும் கேக்காது, இலை மிதிபடுற சத்தம் மட்டும்தான். மூலைக் கல்லெல்லாம் இளஞ்சிவப்பு, வோஷ் மலையில வெட்டுற மணற்கல், கையை வெச்சா சொரசொரன்னு இருக்கும், மழை நாள்ல ரத்தச் சிவப்பா மாறிடும். இவ்வளவு கல்லை எப்படிக் கொண்டு வந்தாங்கன்னு பையன் கேட்டான். அதுக்குன்னே மலையடிவாரத்துல ரூஃபாக் பக்கத்துல இருந்து ஒரு கால்வாய் வெட்டி, படகுல இழுத்துட்டு வந்திருக்காங்க. ஊர் வேணும்னா முதல்ல கால்வாய் வேணும், அப்படித்தான் வேலை நடந்திருக்கு.

குடிவந்த ஜனங்க கதையும் இருக்கு. ஆத்து நடுவுல ஒரு தீவுல வைக்கோல் ஊர்னு கூப்பிட்ட ஒரு புதுக் குடியிருப்பு இருந்துச்சு. உடன்படிக்கைப்படி அதையும் இடிச்சாகணும். அங்க இருந்த ஜனத்தைத்தான் சலுகை குடுத்து புது ஊருக்குக் கூட்டிட்டு வந்தாங்க. உடன்படிக்கையைப் பத்தி எழுதுறவங்க ராஜாக்களைப் பத்தித்தான் எழுதுறாங்க, சட்டி பானையைத் தூக்கிட்டு ஆத்தைக் கடந்த இந்த ஜனத்தை நினைச்சா எனக்கு வயித்தைப் பிசையுது.

இளவாலையூரான்:
வணக்கம் உறவுகளே, நான் பரிஸ் நகரத்துக்குக் கிட்ட இருக்கிறன், முப்பது வருசமாச்சு. கொல்மார்வாசி கடைசியா எழுதினதைப் பார்த்திட்டுத்தான் எழுத வந்தனான். எல்லைக்கோடு நகர்ந்தா சனம் நகரவேணும், இது எங்களுக்கு ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கட யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் கட்டின ஐங்கோண நட்சத்திரம்தான், அதாலை உந்த வடிவம் எனக்குக் கண்ணுக்குப் பழக்கம். நான் அந்தக் கோட்டையை முழுசாப் பார்த்ததை விட உடைஞ்சு பார்த்ததுதான் கூட.

எனக்கு ஒண்டு விளங்கேல்லை. இவ்வளவு கெட்டித்தனமாக் கட்டின கோட்டை, சண்டையிலை என்ன செய்தது? காப்பாத்தினதோ?

புதுவை_செல்வன்:
வரிசையா சொல்றேன். கட்டி முடிக்கிறதுக்குள்ளயே வேடிக்கை, 1703ல பிரான்ஸ் பழைய பிரைசாக்கைத் திரும்பப் பிடிச்சுடுச்சு. முற்றுகையை நடத்தினதுல வோபானும் இருந்தாரு, அதுதான் அவரோட கடைசி முற்றுகை. பிரான்ஸ் கையில இருந்தப்போ அந்தக் கோட்டையைப் பலப்படுத்தினதும் அவர்தான், அவர் கட்டினதை அவரே உடைச்சுப் பிடிக்க வேண்டியதாச்சு. 1714ல மறுபடியும் திருப்பிக் குடுத்துட்டாங்க. 1793ல பிரெஞ்சுப் புரட்சிப் படை இந்தக் கரையில இருந்து சுட்டு பழைய ஊரை எரிச்சுடுச்சு. புது ஊரு மேல பெரிய முற்றுகைன்னு வந்தது 1870லதான்.

மண்வெட்டி:
1870ல அக்டோபர் நடுவுல ஜெர்மன்காரங்களோட பிரஷ்யப் படை சுத்தி வளைச்சுது, நவம்பர் 10ஆம் தேதி கோட்டை சரணடைஞ்சுது. இதை வெச்சு வோபான் கோட்டை வீண்னு சிலபேர் சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவர் கணக்குப் போட்டது அவர் காலத்துப் பீரங்கிக்கு, சில நூறு மீட்டர் தூரத்துல இருந்து மதிலை உடைக்கிற பீரங்கிக்கு. அதனாலதான் எதிரியைக் கிட்ட வரவிடாம மூலை மூலையா தடுத்தாரு. 1870ல வந்தது குழாய்க்குள்ள திருகு வெட்டின பீரங்கி, கிலோமீட்டர் கணக்குல தள்ளி நின்னு ஊருக்குள்ளயே குண்டு போட்டான். மதிலைத் தொடவே வேண்டியதில்ல. வீடு எரிஞ்சா ஜனம் தாங்காது. 170 வருஷம் கழிச்சு வரப்போற பீரங்கிக்கு 1698ல யாரால கணக்குப் போட முடியும்?

கொல்மார்வாசி:
அதுக்கப்புறம்தான் இந்த ஊர்க்காரங்களுக்கு நிஜமான அலைக்கழிப்பு. 1871ல அல்சாஸ் ஜெர்மனிக்குப் போச்சு, 1918ல பிரான்ஸுக்கு வந்துச்சு, 1940ல ஹிட்லர் எடுத்துக்கிட்டான், 1945ல திரும்ப பிரான்ஸ். எங்க பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இப்ப எண்பத்தஞ்சு வயசு. அவங்க அப்பாவை 1942க்கு அப்புறம் ஜெர்மன் ராணுவத்துல வலுக்கட்டாயமா சேத்து ரஷ்யப் பக்கம் அனுப்பிட்டாங்க. அல்சாஸ், அதுக்குப் பக்கத்துல இருக்குற மொசெல் ரெண்டுலயும் சேத்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் வரைக்கும் அப்படிப் போனவங்க, விருப்பமில்லாம போனவங்கன்னே பிரெஞ்சுல அவங்களுக்குப் பேரு. பாட்டி ஒருநாள் மேஜை டிராயரைத் திறந்து அவர் போட்டோவைக் காட்டினாங்க. சுவத்துல மத்த எல்லார் போட்டோவும் மாட்டியிருக்கு, இது மட்டும் டிராயர்ல, ஏன்னா போட்டிருக்குறது ஜெர்மன் யூனிஃபார்ம். அவரு திரும்பி வரவே இல்ல. நான் ஒண்ணும் கேக்கல, டீயைக் குடிச்சுட்டு ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தேன்.

இளவாலையூரான்:
வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழை வைச்சிட்டன். எங்கட வீட்டிலையும் சுவரிலை மாட்டேலாத படம் இருக்கு.

நிலா_82:
1945ல என்ன ஆச்சு, கோட்டை எப்படி தப்பிச்சுது?

கொல்மார்வாசி:
கோட்டை தப்பிச்சுது, ஊர் தப்பிக்கல நிலா. அந்தக் குளிர்காலத்துல குண்டு விழுந்து உள்ள இருந்த வீடு, சர்ச்சு எல்லாம் பெருசா அடி வாங்குச்சு, இப்ப பாக்குற பல வீடு அப்புறமா கட்டினது. ஆனா பழைய தெருக்கோட்டுலயே திரும்பக் கட்டினதால வடிவம் கலையல. அமெரிக்காவோட 3வது காலாட்படை டிவிஷன் பிப்ரவரி 6ஆம் தேதி வந்து சேந்தப்போ, இந்த மதிலை எப்படி ஏறப் போறோமோன்னு தயங்கி நின்னிருக்காங்க. ஊர்க்காரர் ஒருத்தர் அகழியில இருந்து உள்ள போற ஒரு சுரங்க வழியைக் காட்டிக் குடுத்துருக்காரு. உள்ள நுழைஞ்சா ஜெர்மன் சிப்பாய்ங்க கொஞ்சம் பேர்தான், மத்தவங்க ஏற்கனவே ஆத்தைத் தாண்டிட்டாங்க. மூணு நாள்ல, 9ஆம் தேதி, கொல்மாரைச் சுத்தி நடந்த சண்டையே முடிஞ்சுது.

எதிர்க்கரை பிரைசாக் இதைவிட மோசமா நொறுங்கிப் போச்சு. ஆனா அந்த ஊர் ஜனங்க அஞ்சே வருஷத்துல, 1950 ஜூலை 9ஆம் தேதி, ஒன்றுபட்ட ஐரோப்பா வேணுமா வேணாமான்னு ஊர் அளவுல ஓட்டுப் போட்டாங்க, 95 சதவீதத்துக்கு மேல வேணும்னு. வீடு இன்னும் இடிபாடா கிடக்கும்போது போட்ட ஓட்டு அது.

ரயில்சிநேகன்:
ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், ரயில் பக்கம் யாரும் போகல அதான் வந்தேன். கொல்மார்ல இருந்து நெஃப்-பிரிசாக் வழியா ரைன் பாலம் தாண்டி ஃப்ரைபூர்க் வரைக்கும் ஒரே ரயில் பாதை இருந்துச்சு, ஜெர்மன் காலத்துல 1878ல பாலம் போட்டாங்க. போர்ல பாலம் போச்சு, ரயில் பாலம் இன்னி வரைக்கும் திரும்ப வரல. ஜெர்மனி பக்கம் பிரைசாக் வரைக்கும் ரயில் ஜோரா ஓடுது, இந்தப் பக்கம் பஸ்தான். 2019ல பிரான்ஸும் ஜெர்மனியும் ஆஹன்ல போட்ட உடன்படிக்கையோட முன்னுரிமைப் பட்டியல்ல கொல்மார் ஃப்ரைபூர்க் ரயில் இணைப்பும் இருக்கு. எழுதியாச்சு, தண்டவாளம் வரணும்.

இன்னொரு விஷயம், பிரான்ஸ் முழுக்க ரயில் இடது பக்கம் ஓடும், அல்சாஸ்லயும் மொசெல்லயும் மட்டும் வலது பக்கம். ஜெர்மன் காலத்துப் பழக்கம் அப்படியே நின்னுடுச்சு. பழைய எல்லை இருந்த இடத்துல ஒரு தடம் இன்னொரு தடத்துக்கு மேல பாலமா ஏறிப் பக்கம் மாறும். வரைபடத்துல அந்த எல்லை போயி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ரயிலுக்கு இன்னும் இருக்கு.

இளவாலையூரான்:
உண்மைதான் தம்பி. லீவும் அப்பிடித்தான். பெரிய வெள்ளியும் டிசம்பர் 26ம் அங்கை விடுமுறை, எங்களுக்குப் பரிசிலை வேலை. அரசும் தேவாலயமும் பிரிஞ்ச 1905 சட்டம் அங்கை செல்லாது, ஏனெண்டா அந்தச் சட்டம் வரேக்கை அல்சாஸ் ஜெர்மனியிலை. பாதிரிமாருக்கு இண்டைக்கும் அரசாங்கம்தான் சம்பளம். ஸ்ட்ராஸ்பூர்க்கிலை இருக்கிற மச்சான் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மண்வெட்டி:
ஆத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன், இந்த ஊரோட கதையில பாதி அதுதான். பழைய காலத்து ரைன் இப்ப பாக்குற மாதிரி ஒரே ஓட்டம் இல்ல, நூத்துக்கணக்கான தீவு, கிளை, சதுப்பு, வெள்ளத்துக்கு வெள்ளம் இடம் மாறும். பிரைசாக் குன்றே ஒரு காலத்துல ரெண்டு பக்கமும் தண்ணி ஓட தீவா நின்ன இடம். இப்படி நெளியுற ஆத்து மேல எல்லைக்கோடு போட்டா என்ன ஆகும், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எந்தத் தீவு யாருக்குன்னு சண்டைதான். 1817ல டுல்லாங்கிற ஜெர்மன் பொறியாளர் ஆத்தை நேராக்குற வேலையை ஆரம்பிச்சாரு, அறுபது வருஷம் ஓடுச்சு. ஆறு வேகமா ஓட ஆரம்பிச்சதும் அடிமட்டத்தை அரிச்சுத் தோண்டிடுச்சு, நிலத்தடி நீர் இறங்கிப் போச்சு. அப்புறம் முதல் உலகப் போர் முடிஞ்சு வெர்சாய் உடன்படிக்கையில ரைன் தண்ணியைத் திருப்புற உரிமை பிரான்ஸுக்கு வந்துச்சு. அதை வெச்சு இந்தப் பக்கமே ஒரு கான்கிரீட் கால்வாய் வெட்டி மின்நிலையம் மேல மின்நிலையமா கட்டினாங்க. 1932ல கெம்ஸ், கடைசியா 1959ல ஃபோகல்க்ரூன், அது நெஃப்-பிரிசாக்குக்கு ரொம்பப் பக்கம். இப்ப கப்பலும் தண்ணியும் கால்வாய்ல, எல்லைக்கோடு மட்டும் பழைய ஆத்துல.

கொல்மார்வாசி:
சூப்பர் மண்வெட்டி. பாலத்துல நடந்து போனா முதல்ல அந்தக் கால்வாய், அப்புறம் தீவு, அப்புறம்தான் பழைய ரைன். நடுவுல எல்லைன்னு ஒண்ணும் தெரியாது. இந்தப் பக்கத்து ஜனம் பாதிப்பேர் சோப்பு, டயாப்பர் வாங்க பிரைசாக் போவாங்க, வேலைக்கும் போவாங்க. 2020 மார்ச்ல கொரோனாவுக்காக ஜெர்மனி எல்லையை மூடினப்போ அந்தப் பாலத்துல தடுப்பு வெச்சுட்டாங்க. பாட்டி ஜன்னல்ல இருந்து என்கிட்ட கேட்டாங்க, மறுபடியுமான்னு. நான் வைரஸ்தான் பாட்டின்னு சொன்னேன், அவங்க தலையை மட்டும் ஆட்டினாங்க.

நிலா_82:
நான் அடுத்த மே மாசம் சுவிட்சர்லாந்துல பாசெல் வரைக்கும் வேலையா வரேன், ஒரு நாள் கையில இருக்கும். இந்த ஊரைப் பாக்காம போக மாட்டேன். எப்படி வரணும், எங்க ஆரம்பிக்கணும்?

கொல்மார்வாசி:
கண்டிப்பா வாங்க நிலா. பாசெல்ல இருந்து கொல்மாருக்கு ரயில், கொல்மார் ஸ்டேஷன்ல இருந்து பிரைசாக் போற பஸ், நெஃப்-பிரிசாக்ல இறங்கிக்கலாம். முதல்ல ஊருக்குள்ள போகாதீங்க, அகழிக்குள்ள இறங்கி ஒரு சுத்து நடங்க. அப்புறம் பெல்ஃபோர் வாசல் வழியா உள்ள வாங்க, அந்த வாசலுக்குள்ளயே வோபான் மியூசியம் இருக்கு, ஊரோட மாதிரியை அங்க பாத்துட்டா நீங்க நடந்த வழி எல்லாம் புரிஞ்சிடும். நேரம் இருந்தா அதே பஸ்ல பாலம் தாண்டி பிரைசாக் போயிடுங்க, குன்று மேல பெரிய சர்ச்சு, உள்ள சுவர்ல மார்ட்டின் ஷோன்கவர் வரைஞ்ச ஓவியம், அவர் எங்க கொல்மார்க்காரர். சர்ச்சுக்கு வெளிய நின்னு மேற்கால பாத்தீங்கன்னா சமவெளி முழுக்கத் தெரியும், தூரத்துல வோஷ் மலை. கோட்டையைத் தேடிப் பாருங்க, ஒரு கோபுரமும் கொஞ்சம் மரமும்தான் கண்ணுல படும்.

புதுவை_செல்வன்:
நிலா, போனீங்கன்னா அந்த சிவப்புக் கல்லைக் கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க. நான் பாரதி பூங்காவுல இருந்து ஒண்ணு போடுறேன்.